வீணாக்காமையும் நம் பிள்ளைகளும்

பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், நெருப்பை மூட்டுதல், செடியைக் கிள்ளுதல் ஆகியவற்றை அனர்த்த தண்டம் என்பர் நம் ஆசாரியர். நீரை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டெனக் கற்ற நாம், அதனை வடிகட்டியே பருகுகிறோம். குழாயை மட்டும் மூட மறக்கிறோம்! இம்முரண்பாட்டை முதலில் காண்பவர் நம் பிள்ளைகளே.

சேலம், நாமக்கல் சமவெளியில் கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றுவதை நாம் அறிவோம். ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 50 சதுர மீட்டர் மாடியில் 20 மில்லிமீட்டர் பெய்தால் எவ்வளவு எனப் பிள்ளைகளைக் கேட்போம். 1,000 லிட்டர்! தமிழகமெங்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் தூர்ந்த தொட்டியால் என்ன பயன்? மழைக்கு முன்னரே பிள்ளைகளுடன் அதனைச் சீர்செய்தல் நன்று.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகள் 2019 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. எஞ்சிய உணவைப் பையில் கட்டி எறிந்தால், மாடு பையோடு விழுங்கி மடிகிறது. கொல்லாமை பேசும் இல்லத்திலிருந்து அப்பை சென்றிருக்கலாமா?

பழைய வேட்டியில் பைகள் தைத்து, பிள்ளைகள் தம் பெயரை எழுதிக்கொள்ளட்டும். நைந்த துணி நீர் வடிகட்ட மட்டும் ஆகாது. அதற்கு இழை நெருங்கிய துணியை இரண்டாக மடித்தே கட்டுதல் வேண்டும்.