தைராய்டு அசதியும் சத்து மாத்திரைகளும்

தைராய்டு சுரப்பு குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும், டாக்டர் எழுதிய தைராக்ஸின் மாத்திரையோடு ஒரு பட்டாளமே வீட்டுக்கு வந்துவிடுகிறது. கால்சியம், இரும்பு, பி12, டி3, முடி கொட்டுகிறதே என்று பயோட்டின். எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிட்டு, ‘இன்னும் அசதி போகவில்லையே’ என்று தவிப்பவர்கள், அதிலும் பெண்கள், ஏராளம். அந்த அசதி நிஜமானது. காலையில் எழும்போதே அடித்துப் போட்டாற்போல் கிடக்கும் உடம்பைச் ‘சோம்பேறித்தனம்’ என்று வீட்டார் சொல்வது பெரிய கொடுமை.

நம்பிக்கை: மாத்திரை போட்டால் ஒரு வாரத்தில் தெம்பு வந்துவிட வேண்டும்.

தைராக்ஸின் நிதானமான மருந்து. உடம்பில் சேர்ந்த அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். தினமும் போட்டு வந்தாலும் ரத்தத்தில் அதன் அளவு ஒரு நிலைக்கு வர 5, 6 வாரம் பிடிக்கும். தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் டிஎஸ்எச் ஹார்மோனை 6 முதல் 8 வாரம் கழித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். டிஎஸ்எச் சரியான பிறகும் உடம்பு தேறச் சிலருக்குச் சில மாதங்கள் ஆவதுண்டு. பொறுமையில்லாமல் நாமாகவே அளவைக் கூட்டினால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று தொடங்கி, நாளடைவில் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். அளவு மிஞ்சினாலும் அசதி வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம்பிக்கை: எல்லா மாத்திரையையும் காலையில் ஒன்றாகப் போட்டுவிட்டால் மறக்காது.

அதிகம் பேருக்குத் தெரியாமலே கெடுதல் செய்வது இந்தப் பழக்கம்தான். அடுப்பு மேடை ஓரத்தில் மாத்திரை டப்பா. பால் பொங்குவதற்குள் ஒன்றை வாயில் போட்டு, டிகாஷன் கலந்த சூட்டோடு காபி. கூடவே கால்சியமும் உள்ளே போய்விடும். தைராக்ஸின் மாத்திரையில் இருக்கும் மருந்து 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். கால்சியம் 500 மில்லிகிராம், அதாவது பத்தாயிரம் மடங்கு. கால்சியமும் இரும்பும் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. மருந்தில் ஒரு பங்கு ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடுகிறது. காபியும் உறிஞ்சுதலைக் குறைக்கும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்தும் அப்படியே. டிஎஸ்எச் இறங்கவில்லை என்று டாக்டர் 50-ஐ 75 ஆக்குவார், 75-ஐ 100 ஆக்குவார். காபியைப் பற்றி அவர் கேட்டிருக்க மாட்டார், நாமும் சொல்லியிருக்க மாட்டோம்.

விடிந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைராக்ஸின். அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியும் டிபனும். கால்சியம், இரும்பு இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கோ ராத்திரிக்கோ தள்ளிவிடலாம். இரும்பும் கால்சியமும் கலந்த மல்டிவைட்டமினுக்கும் இதே கணக்கு. காலையில் காபியைத் தள்ளிப்போடவே முடியாது என்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது மாத்திரை போடலாம். தினமும் ஒரே நேரம், ஒரே முறை என்பதுதான் முக்கியம். அடுப்பின் சூடும் ஈரமும் மாத்திரைக்கு ஆகாது என்பதால் டப்பாவுக்கு வேறு இடம் பார்ப்பதும் நல்லது.

நம்பிக்கை: பயோட்டின் வெறும் வைட்டமின்தானே, என்ன கெட்டுவிடும்?

உடம்பு கெடாது, ரிப்போர்ட் கெடும். முடிக்காக விற்கப்படும் பயோட்டினில் 5,000, 10,000 மைக்ரோகிராம் கூட இருக்கிறது. பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையே பயோட்டினை வைத்து அமைந்தது. ரத்தத்தில் அது மிதமிஞ்சிக் கிடந்தால், டிஎஸ்எச் குறைவாகவும் தைராய்டு ஹார்மோனான டி4 அதிகமாகவும் இருப்பதாகத் தவறாகக் காட்டும். அதை நம்பி மாத்திரையின் அளவைக் குறைத்தால் அசதி இன்னும் கூடத்தானே செய்யும்? பயோட்டினால் ரத்தப் பரிசோதனைகள் தவறிப்போவது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே எச்சரித்தது. பரிசோதனைக்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்திவிட்டு, டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை: டிஎஸ்எச் நார்மல், ஆனாலும் அசதி, அப்படியானால் எல்லா வைட்டமினும் எடுக்க வேண்டும்.

வைட்டமின் மாத்திரை தைராய்டு ஹார்மோனின் வேலையைச் செய்யாது. உடம்பில் இருக்கும் குறையை மட்டும் நிரப்பும். எனவே முதலில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தால் மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாகலாம். அதனால் இரும்பு இறங்கி, ரத்தச்சோகையும் சேர்ந்துகொள்ளும். ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு கூட்டாளி பி12. தைராய்டு குறைவுக்கு முக்கியக் காரணம், உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். 1912-ல் இதை முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர் அது. இதே போன்ற தாக்குதல் சிலருக்கு இரைப்பையிலும் நடக்கிறது. அவர்களுக்கு பி12 உறிஞ்சப்படாமல் போகும், ஊசி தேவைப்படலாம். சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுபவர்களுக்கும் பி12 குறைய வேறு காரணங்களே போதும். டி3 விஷயத்தில் எச்சரிக்கை தேவை. வாரம் ஒன்று என்று எழுதித் தரும் 60,000 யூனிட் பாக்கெட்டைச் சிலர் மாதக்கணக்கில் தாங்களே தொடர்கிறார்கள். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, அதுவே அசதியையும் வாந்தியையும் கொண்டுவரும். குறட்டையோடு கெட்டுப்போகும் தூக்கம், மனச்சோர்வு, மாதவிடாய் நிற்கும் வயது, சர்க்கரை, இவற்றையும் விட்டுவிடக் கூடாது.

டிஎஸ்எச் லேசாக மட்டும் ஏறி, டி4 சரியாக இருக்கும் முதியவர்களுக்கு வேறொரு செய்தி. 65 வயதைத் தாண்டிய 737 பேரிடம் ஐரோப்பாவில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், தைராக்ஸின் அவர்களுடைய அசதியைக் குறைக்கவில்லை. அவர்களின் அசதிக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

தைராய்டுக்கு ஆகாதோ என்ற பயத்தில், முட்டைக்கோஸ் சாப்பிடலாமா என்று கேட்காதவர் இல்லை. வேகவைத்து, வழக்கமான அளவில் தாராளமாகச் சாப்பிடலாம். அயோடின் கலந்த உப்பு சமையலில் இருக்கும்போது தனி அயோடின் மாத்திரை வேண்டாம். ஹாஷிமோட்டோ இருப்பவர்களுக்கு அது நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

கருவுற்ற பெண்கள் மட்டும் தைராக்ஸின் விஷயத்தில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ‘குழந்தைக்கு ஆகாது’ என்று யார் சொன்னாலும் தைராக்ஸினை நிறுத்தாதீர்கள். முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியும் வரும். கர்ப்பம் தெரிந்த உடனேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் அவசியம்தான். தைராக்ஸினிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.