பார்த்தீனியமும் வேர்க்கடலையும்: நடுவில் ஒரு புரதம்

ஒரகடம் ரோட்டில் காலி பிளாட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் பார்த்தீனியத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தொட்டால் அரிக்கும் என்பது தெரியும். அது ஒரு வைரஸுக்கு வீடு என்பது தெரியுமா?

வைரஸின் பெயர் டொபாக்கோ ஸ்ட்ரீக் வைரஸ். பார்த்தீனியத்தில் நோய் வெளியே தெரியாது, ஆனா அதன் மகரந்தத்தில் வைரஸ் இருக்கும். அந்த மகரந்தத்தை இலைப்பேன் பக்கத்து வயலுக்குக் கொண்டுபோகும். இலையை அது சுரண்டும் காயம் வழியா வைரஸ் உள்ளே நுழையும். 2000-ஆம் ஆண்டு ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டத்தில் சுமார் 2,25,000 ஹெக்டேர் வேர்க்கடலையில் இந்த நோய் பரவியது. குருத்து கருகிச் செடிகள் செத்தன. நஷ்டம் 300 கோடி ரூபாய்க்கு மேல்! தமிழ்நாட்டிலும் சூரியகாந்தி, பருத்தி, உளுந்தில் இது வருகிறது.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். இந்த வைரஸின் மரபுப்பொருள் டி.என்.ஏ. இல்லை, ஆர்.என்.ஏ. அதுவும் மூன்று துண்டு. கம்பெனிக்கு உதிரிபாகம் தனித்தனிப் பெட்டியில் வருமே, அந்த மாதிரி. செடியின் ரைபோசோம், தன் வேலைன்னு நினைச்சு, முதல் இரண்டு துண்டையும் படித்து இரண்டு புரதம் செய்துகொடுக்கும். ஒன்று ஆர்.என்.ஏ. முறுக்கைப் பிரிக்கும், இன்னொன்று நகல் எடுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் மிஷின். முதலில் எதிர் இழை, அதைப் பார்த்து மறுபடி நேர் இழைகள், ஏராளமாக.

மூன்றாவது துண்டில்தான் மேலுறைப் புரதம் இருக்கிறது. உறைன்னா வெறும் பேக்கிங்னுதானே நினைப்போம்? 1971-ல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தார், இதன் சொந்தக்கார வைரஸான அல்ஃபால்ஃபா மொசைக் வைரஸில் சோதித்தார்கள். மூன்று ஆர்.என்.ஏ.வை மட்டும் இலையில் தேய்த்தால் நோயே வரவில்லை. கொஞ்சம் உறைப் புரதம் சேர்த்தால் வந்தது! டொபாக்கோ ஸ்ட்ரீக்கின் உறையைக் கடன் கொடுத்தாலும் வேலை நடக்கிறது. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம்.

காரணம், ஆர்.என்.ஏ.வின் வால். செடியின் சொந்தத் தூது ஆர்.என்.ஏ.வுக்கு 'ஏ' எழுத்துகளால் ஆன நீள வால் உண்டு. அதில் ஒட்டும் புரதம்தான் ரைபோசோமை உஷார்படுத்தும். இந்த வைரஸுக்கு அந்த வால் கிடையாது. அதற்குப் பதில் உறைப் புரதமே வால் முனையில் ஒட்டிக்கொண்டு, 'என்னையும் படி' என்கிறது.

செடிக்குள் போய் இதைத் தடுக்கிற மருந்து விவசாயியிடம் இல்லை. அதனால் வயலைச் சுற்றி நெருக்கமாகச் சோளம் விதைத்து இலைப்பேனை மறிக்கிறார்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னே பிடுங்குகிறார்கள். நம்ம காம்பவுண்டு ஓரத்திலும் இருக்கு. பிடுங்கப் போகிறவர்கள் கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள்.