வீட்டுக் கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்க முடியாத பழைய கணினியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் ஒரு வழி. எங்கள் வீட்டு மேசைக் கணினியும் அப்படித்தான் லினக்ஸுக்கு மாறியது. 2013-இல் வாங்கியது அது. நான்கு கருக்கள் கொண்ட மையச் செயலி, 8 கிகாபைட் நினைவகம், நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு. எஸ்.டி.பி.எம். படிக்கும் என் தங்கைக்கு இருப்பது அந்த ஒரு கணினிதான். “ரொம்ப மெதுவா இருக்குண்ணே” என்றாள். கடைக்காரரோ புதிது வாங்குவதே வழி என்றார். விலை 2,000 வெள்ளிக்கு மேல். அப்பா சேமிப்பிலிருந்து எடுக்கத் தயாராகிவிட்டார். முதலில் அளந்து பார்த்துவிடலாம் என்றேன். அந்த முறையைத்தான் இங்கே நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

“மெதுவாக இருக்கிறது” என்பது ஓர் உணர்வு. அதை அளவாக மாற்ற வேண்டுமானால், எந்த வேலைக்கு எத்தனை வினாடி என்று கேட்க வேண்டும். தங்கையிடம் கேட்டு மூன்று வேலைகளைக் குறித்துக்கொண்டேன்: கணினியை முடுக்குவது, லிப்ரே ஆபிஸில் 60 பக்க இடுபணி ஒன்றைத் திறப்பது, உலாவியில் காணொளிப் பாடம் பார்ப்பது. கைப்பேசியில் உள்ள நிறுத்தற்கடிகாரமே முதல் கருவி. அதைக் குறைவாக எண்ண வேண்டாம். மனிதர் காத்திருக்கும் நேரத்தை அளப்பது அதுதான்.

அந்த வினாடிகள் எங்கே போயின என்பதை அறிய, லினக்ஸில் ‘டைம்’ என்ற கட்டளை உண்டு. ஒரு நிரலின் பெயருக்கு முன்னால் இதைச் சேர்த்து முனையத்தில் இயக்கினால், நிரல் முடிந்ததும் மூன்று எண்கள் தோன்றும். ‘ரியல்’ என்பது கடிகாரத்தில் ஓடிய நேரம். ‘யூசர்’, ‘சிஸ்’ இரண்டும் மையச் செயலி உண்மையில் உழைத்த நேரம். முன்னது நிரலுக்காக, பின்னது நிரலின் பொருட்டு இயங்குதளத்தின் கருப்பகுதிக்காக. இரண்டையும் கூட்டினால் ‘ரியல்’ அளவுக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால், செயலி முழுநேரமும் உழைத்திருக்கிறது. மிகக் குறைவாக இருந்தால், நிரல் எதற்காகவோ காத்துக் கிடந்திருக்கிறது. (பல கருக்கள் ஒரே நேரத்தில் உழைத்தால் கூட்டுத்தொகை ‘ரியல்’-ஐ மிஞ்சுவதும் உண்டு.)

லிப்ரே ஆபிஸைத் திரையில்லா முறையில் இயக்கி, அதே இடுபணியைப் பி.டி.எஃப். ஆக மாற்றச் சொல்லி அளந்தேன். கணினியை முடுக்கிய பிறகு முதல் முறை: ரியல் 24 வினாடி, யூசரும் சிஸ்ஸும் சேர்ந்து 5 வினாடி. உடனே இரண்டாம் முறை: ரியல் 6 வினாடி! ஒருமுறை படித்த கோப்புகளை லினக்ஸ் காலியாக உள்ள நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இரண்டாம் முறை வன்தட்டைத் தொடவே தேவையில்லை. ஆகவே குளிர்ந்த நிலை அளவையும் சூடான நிலை அளவையும் தனித்தனியே எழுத வேண்டும். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் எதற்கும் உதவாது.

ஆக, 24 வினாடியில் 19 வினாடி வன்தட்டுக்காகக் காத்திருந்த நேரம். இது நம்பக்கூடியதுதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்திற்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. வேண்டிய இடம் படிப்புமுனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 4 மில்லிவினாடி. முனை இடம்பெயர இன்னும் 8 அல்லது 9. மொத்தம் 13 என்று கொண்டால், சிதறிக் கிடக்கும் துண்டுகளில் வினாடிக்கு 75 மட்டுமே படிக்க முடியும். ஒரு பெரிய நிரல் திறக்கும்போது இப்படி 1,500 துண்டுகள் தேவைப்பட்டால் 20 வினாடி ஓடிவிடும். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. தட்டு ஒரு துண்டைப் படிக்க 0.1 மில்லிவினாடி அளவே எடுக்கும்.

ஒரு பகுதியை மட்டும் விரைவுபடுத்தினால் முழுவேலைக்கும் எவ்வளவு பயன் கிடைக்கும் என்பதற்கு, 1967-இல் ஜீன் அம்டால் முன்வைத்த வாதம் வழிகாட்டுகிறது. இரண்டு மடங்கு விரைவான செயலி வாங்கினால் அந்த 5 வினாடி 2.5 ஆகும், 24 வினாடி 21.5 ஆகக் குறையும். அவ்வளவுதான். வன்தட்டை மாற்றினாலோ மீதமிருப்பது 5 வினாடியும் சொச்சமும். புதுக் கணினி விலையில் பத்தில் ஒரு பங்கு செலவழித்து எஸ்.எஸ்.டி. வாங்கினோம். மீண்டும் அதே முறையில் அளந்தபோது குளிர்ந்த நிலையிலேயே 6 வினாடி.

காணொளிப் பாடம் மட்டும் திணறிக்கொண்டே இருந்தது. அங்கே ‘டாப்’ கட்டளையில் செயலி ஏறக்குறைய முழுவதுமாக உழைப்பது தெரிந்தது. அன்றைய வரைவியல் சில்லுகளால் வி.பி.9, ஏ.வி.1 போன்ற பிற்காலக் காணொளி முறைகளைப் பிரித்துக் காட்ட இயலாது. அந்தச் சுமை செயலியின் தலையில் விழுகிறது. இதற்கு எஸ்.எஸ்.டி. மருந்தாகாது. காணொளியின் தெளிவை 480-க்குக் குறைத்ததும் படம் சீராக ஓடியது. அதற்குமேல் வேண்டுமென்றால் அங்கேதான் வேறு கணினியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

சில எண்கள் புதியவரை மிரட்டும். ‘ஃப்ரீ’ கட்டளையில் காலி நினைவகம் மிகக் குறைவாகத் தெரியும். பயப்பட வேண்டாம், கோப்புகளைத் தேக்கி வைக்கவே அது பயன்பட்டிருக்கும். 2014-இல் வந்த கெர்னல் 3.14 முதல் கணக்கிட்டுத் தரப்படும் ‘அவைலபிள்’ என்ற எண்ணையே பாருங்கள். அடுத்தது சுமைச் சராசரி. 1993 முதல் லினக்ஸ் இதில் செயலிக்காகக் காத்திருப்பவற்றோடு வன்தட்டுக்காகக் காத்திருப்பவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. எனவே செயலி சும்மா இருக்கும்போதே சுமை 4, 5 என்று ஏறலாம். ‘வி.எம்.ஸ்டாட்’ கட்டளையில் ‘டபிள்யூ.ஏ.’ என்ற பத்தி அந்தக் காத்திருப்பை விழுக்காட்டில் காட்டும். நான்கு கருக்கள் உள்ள கணினியில் ஒரே ஒரு நிரல் காத்திருந்தால் அங்கே 25 என்றுதான் தெரியும்; அதைச் சிறிதென்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஒற்றை மதிப்பெண் தரும் சோதனை நிரல்களும் உண்டு. யூனிக்ஸ்பெஞ்ச் 1983-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ‘ஜார்ஜ்’ என்று பெயரிட்ட ஒரு ஸ்பார்க்ஸ்டேஷன் 20 கணினிக்கு 10 மதிப்பெண் என வைத்து மற்றவற்றை ஒப்பிடுகிறது. உங்கள் கணினி 1,000 பெற்றால் அது ஜார்ஜைப் போல நூறு மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தங்கையின் இடுபணி எத்தனை வினாடியில் திறக்கும் என்பதை அது சொல்லாது. கணினி முடுக்கத்தின்போது தோன்றும் ‘போகோமிப்ஸ்’ இன்னும் வேடிக்கை. எதுவும் செய்யாத ஒரு சுழற்சியை வினாடிக்கு எத்தனை முறை ஓட்டலாம் என்ற கணக்கு அது. ‘போலி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தாங்கியே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அளக்கும்போது உலாவியை மூடிவிடுங்கள். பின்னணியில் மென்பொருள் புதுப்பிப்பு ஓடவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒவ்வோர் அளவையும் ஐந்து முறை எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எழுதிக்கொள்ளுங்கள். நம் நாட்டு வெயிலில் இன்னொன்றும் உண்டு: செயலி அளவுக்கு மீறிச் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிற்பகல் இரண்டு மணிக்கு, தூசு அடைத்த காற்றாடியோடு எடுத்த அளவும் இரவு எடுத்த அளவும் மாறுபட்டால், வேறெதையும் கழற்றுவதற்கு முன் காற்றாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.