போத்து வைத்துப் பெருக்கும் பூக்கோசு

இங்கிலாந்தில் அலாட்மென்ட் என்கிற வாடகைத் தோட்டத்தில் ஒரு துண்டு வாங்கும் நம் ஆட்கள் கீரை, பூசணி, பச்சை மிளகாய் என்றுதான் ஆரம்பிப்பார்கள். காலிஃபிளவர் பக்கம் போகிறவர்கள் குறைவு, போனவர்களும் ஒரு வருடத்தோடு விட்டுவிடுவார்கள். மாதக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்று, ஒரே ஒரு பூவைக் கொடுத்துவிட்டு முடிந்துபோகும் செடிக்கு யார் மெனக்கெடுவது?

அப்படி முடிந்துபோகாத ரகம் ஒன்று இருக்கிறது. நைன் ஸ்டார் பெரெனியல் என்று பெயர். விதை விற்பவர்களில் சிலர் இதைக் காலிஃபிளவர் என்பார்கள், சிலர் பிராக்கோலி என்பார்கள். நட்ட மறு வருட வசந்தத்தில் நடுவில் வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளையாக ஒரு பூ வரும். அதை வெட்டியதும் சுற்றிலும் கைப்பிடி அளவுப் பூக்கள் கிளம்பும். பெயரை நம்பி ஒன்பது எண்ண வேண்டாம், எனக்கு ஆறேழுதான் வருகிறது. கவனித்துக்கொண்டால் 4, 5 வருடம் இப்படியே காய்க்கும், இல்லை, பூக்கும்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டோவர் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் காட்டுக்கோஸ் இன்றும் பல வருடம் வாழ்கிற செடிதான். ஒரு தலை, ஒரு அறுவடை என்று அதைச் சுருக்கியது மனிதக் கை. பூ வைக்க இந்த ரகத்துக்கு ஒரு முழுக் குளிர்காலம் வேண்டும். அதனால் சென்னை மொட்டைமாடியில் இதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

முதலில் இடம். ஒரு செடிக்கு 90 சென்டிமீட்டர் விட வேண்டும், ஆளுயரத்தில் பாதிக்கு மேலேயே வளரும். வருடாவருடம் கொத்திப் புரட்டும் பாத்தியில் வைக்காமல் வேலியோரம் கொடுங்கள். 4, 5 வருடம் நகராத செடிக்கு மண்ணில் முன்கூட்டியே செய்ய வேண்டியது ஒன்றுதான்: சுண்ணாம்பு. கோஸ் இனத்தின் பெரிய எதிரி கிளப்ரூட் என்கிற வேர்வீக்க நோய். வேர் சுண்டைக்காயில் ஆரம்பித்துச் சேப்பங்கிழங்கு மாதிரி வீங்கும், செடி வெயிலில் துவண்டு துவண்டு விழும். வந்த மண்ணில் அதன் வித்துகள் 20 வருடம்கூடக் கிடக்கும். புளிப்பு மண்ணில்தான் அது கொழிக்கும். மண்ணின் பிஹெச் 7-க்குக் கீழே இருந்தால் இலையுதிர் காலத்தில் சுண்ணாம்புத் தூள் தூவிக் கலந்து வையுங்கள். அதே சமயத்தில் தொழுவுரத்தையும் போட்டு வீணாக்க வேண்டாம், அதற்கு வசந்தம் வரட்டும். நம்மவர்கள் கவனிக்க இன்னொன்று: முள்ளங்கியும் கடுகும் இதே குடும்பம், இதே நோயை வாங்கும். முன்பு முள்ளங்கி போட்ட இடத்தைத் தவிருங்கள். வெந்தயக்கீரை போட்ட இடம் என்றால் கவலையில்லை.

மார்ச் முதல் மே வரை விதைக்கலாம், ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். ஐந்தாறு இலை வந்ததும் நாற்றைப் பிடுங்கி, முதல் ஜோடி இலை மண்ணைத் தொடும் அளவுக்கு ஆழமாக நடுங்கள். நட்டபின் குதிகாலால் சுற்றிலும் அழுத்தி மிதிக்க வேண்டும். மண்ணைப் பொலபொலவென்று வைத்துப் பழகிய கைக்கு இது மனசு வராது. ஆனால் கோஸ் இனம் இறுகிய மண்ணில்தான் நிற்கும், காற்றில் ஆடினால் பூ கட்டாது. சரியாக மிதித்தோமா என்று பார்க்க ஒரு இலை நுனியை விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். இலை கிழிய வேண்டும், செடி அசையக் கூடாது. தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் அட்டையை வட்டமாக வெட்டிப் போட்டுவிட்டால் வேர் ஈ முட்டையிட இடம் இருக்காது. ஒரு குச்சியும் ஊன்றிக் கட்டிவிடுங்கள்.

கோடையில் வெள்ளைப் பட்டாம்பூச்சி, குளிரில் புறா. இரண்டுக்கும் வலைதான் மருந்து. பட்டாம்பூச்சி நுழையாத சின்னக் கண் வலையாக வாங்குங்கள், இலையில் படாமல் தூக்கிக் கட்டுங்கள். வலைமேல் உட்கார்ந்தபடியே இலையில் முட்டையிட்டுவிட்டுப் போகும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. இலையின் அடியில் மஞ்சள் முட்டைக் கொத்தைக் கண்டால் கட்டை விரலால் நசுக்கிவிட்டு நடையைக் கட்டலாம்.

இனி இந்தச் செடியின் உயிர்நாடியான விஷயம். மார்ச் கடைசியிலிருந்து மே வரை ஒவ்வொரு பூவையும் வெட்டியே ஆக வேண்டும். சாப்பிடப் பிடிக்காவிட்டாலும், பொடிசாக இருந்தாலும், நெகிழ்ந்து விரிந்துபோயிருந்தாலும் வெட்ட வேண்டும். நாம் பூ என்று சாப்பிடுவது பூக்கத் தயாராகும் மொட்டுத் திரள். அது மலர்ந்து விதை கட்டத் தொடங்கினால் செடி தன் பலம் முழுவதையும் விதைக்குக் கொடுத்துவிட்டுப் பட்டுப்போகும். என் முதல் செடி அப்படித்தான் போனது. ஈஸ்டர் விடுமுறையில் ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பினால், வலைக்குள் ஒரே மஞ்சள் பூ, சுற்றிலும் தேனீ. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கத்துத் துண்டு யாழ்ப்பாணத்துப் பெரியவர் வேலியில் கை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, “தம்பி, பூக்கோவாவைப் பூக்க விட்டீரெண்டா கதை முடிஞ்சுது,” என்றார். ஆகஸ்டில் செடி காய்ந்து குச்சியாகிவிட்டது.

சரி, விதையாவது மிஞ்சியதே என்று எடுத்து வைத்தேன். அடுத்த வருடம் முளைத்தவற்றில் ஒன்றும் தாயைப் போல இல்லை. காரணம் எளிது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பிராக்கோலி, கேல், நூல்கோல் எல்லாம் பிராசிகா ஒலரேசியா என்ற ஒரே இனம். பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, அக்கம்பக்கத்துச் செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தால்தான் விதை. அலாட்மென்டில் பக்கத்துத் துண்டில் என்ன பூத்திருந்ததோ அதன் பிள்ளைதான் உங்கள் கைக்கு வரும்.

ஆகவே முருங்கைக்குச் செய்வதையே இதற்கும் செய்யுங்கள். போத்து வெட்டி நடுங்கள்.

அறுவடை ஓய்ந்த மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, தண்டில் இலைக்காம்பின் இடுக்குகளிலிருந்து பக்கக் கிளைகள் வரும். விரல் பருமனில், நுனியில் மொட்டு இல்லாத, அழுத்தினால் கெட்டியாக இருக்கும் கிளையாகப் பாருங்கள். உள்ளே கூடாகவோ நீர் கோத்தோ இருப்பது அழுகிப்போகும். 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில், ஒரு கணுவுக்குக் கீழே கூரான கத்தியால் வெட்டுங்கள். காலை நேரம் நல்லது. நுனியில் இரண்டு மூன்று இலை போதும், மற்றதைக் கிள்ளிவிடுங்கள். விட்டுவைத்த இலை பெரிதாக இருந்தால் அதையும் பாதியாக நறுக்குங்கள். வேரில்லாத குச்சி இலைக்குத் தண்ணீர் எங்கே போய்த் தேடும்?

தொட்டி மண்ணும் பெருமணலும் சரிபாதி. மூன்றில் இரண்டு பங்கு புதையும்படி, தொட்டியின் ஓரமாக மூன்று குச்சி சொருகுங்கள். வேர்விட வைக்கும் பொடி எதுவும் தேவையில்லை. ஒரு தடவை நன்றாக நனைத்து, மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். முதல் வாரம் இலை தொங்கிப்போய்ப் பார்க்கவே பாவமாக இருக்கும். பயந்து தண்ணீரை ஊற்றித்தான் பலரும் கெடுப்பது. ஈரம் காயாமல் இருந்தால் போதும். மஞ்சளாகும் இலையை மட்டும் எடுத்துவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் நுனியில் புது இலை துளிர்த்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். செப்டம்பர் வாக்கில் தோட்டத்துக்கு மாற்றி, வழக்கம்போல மிதித்து நடுங்கள். என் கணக்கில் பத்துக்கு ஐந்தாறு தேறும். அதனால் தேவைக்கு இரட்டிப்பாக வையுங்கள்.

இந்த வித்தையைப் பழக முதலில் கேல் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். டாபன்டன் என்ற பல்லாண்டு கேல் பூப்பதே அபூர்வம், அதனால் அதைப் பெருக்கவே போத்துதான் வழி. சொன்ன முறையில் அநேகமாக எல்லாக் குச்சியும் பிடிக்கும். வளைந்து தரையைத் தொடும் கிளைமேல் ஒரு கை மண் அள்ளிப்போட்டால் பதியம் போட்டதுபோல அங்கேயே வேர் விடும். சாதாரண முட்டைக்கோஸிலும் ஒரு வேலை செய்யலாம். வசந்தகாலக் கோஸை வேரோடு பிடுங்காமல் தலையை மட்டும் அறுத்து, நிற்கும் கட்டையின் மேல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டால், நான்கைந்து குட்டிக் கோஸ் வரும். அவற்றில் ஒன்றிரண்டைக் கிள்ளிப் போத்தாகவும் வைக்கலாம்.

தாய்ச் செடிக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு வாளி மட்கிய தொழுவுரம். மூன்றாம் வருடமே இரண்டு போத்து எடுத்து வேறு இடத்தில் நட்டுவிடுங்கள், கிழடு தட்டிப் பூ சிறுத்த பிறகு எடுக்கும் குச்சி தேறாது.

பக்கத்துத் துண்டுக்காரர் கேட்டால் குச்சியாகவே கொடுங்கள், வேரும் மண்ணுமாகப் பிடுங்கிக் கொடுக்காதீர்கள். வாங்கும்போதும் அப்படியே. வேர்வீக்கம் ஊர்விட்டு ஊர் போவது மண்ணோடுதான். ஈரத் துணியில் சுற்றி வைத்தால் குச்சி ஒரு நாள் தாங்கும். பெரியவரிடம் நான் வாங்கியதும் அப்படித்தான், பழைய தமிழ்ப் பேப்பரை நனைத்துச் சுற்றிய மூன்று குச்சி.