புகைபோக்கிச் சிறுவரும் பொய்ந்நம்பிக்கையும்

துன்புறும் குழந்தை தன் துன்பத்தை உணராது ஆறுதல் மொழி பேசுமாயின், அதனை நாம் எங்ஙனம் கேட்டல் வேண்டும்? வில்லியம் பிளேக் என்னும் ஆங்கிலக் கவிஞர் புகைபோக்கி துப்புரவு செய்யும் சிறுவரைப் பற்றி ஒரே தலைப்பில் இயற்றிய இரு பாடல்களைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டன் வீடுகளிலே புகைபோக்கிகள் பல 14 அங்குல நீளமும் 9 அங்குல அகலமுமே உடையன. வளர்ந்தோர் உட்புகல் இயலாமையின், ஏழைச் சிறுவர் அவற்றினுள் ஏற்றப்பட்டனர். உடலிற் படிந்த புகைக்கரியே பின்னாளில் அவரைப் பற்றிய புற்றுநோய்க்குக் காரணம் என மருத்துவர் பெர்சிவல் பொட் 1775இல் எழுதினார். எட்டு வயதுக்குட்பட்டோரை இத்தொழிலிற் சேர்த்தலாகாது என 1788இல் பாராளுமன்றம் விதித்தது. ஆயின், அவ்விதியை நடைமுறைப்படுத்துவார் இலர்.

1789இல் பிளேக்கின் ‘கள்ளமின்மைப் பாடல்கள்’ வெளிவந்தன. அதிலுள்ள பாடலில், தாயை இழந்து தந்தையால் விற்கப்பட்ட சிறுவன் பேசுகின்றான். கூட்டுதலைக் குறிக்கும் ‘ஸ்வீப்’ என்னும் கூவல், அவன் மழலையில் அழுகையைக் குறிக்கும் ‘வீப்’ என ஒலிக்கின்றது. அவன் தோழன் டொம் ஒரு கனவு காண்கின்றான். கரிய சவப்பெட்டிகளில் அடைபட்ட சிறுவரை வானவன் ஒருவன் விடுவிக்க, அவர்கள் பசும்புல்வெளியில் ஓடி ஆற்றில் நீராடுகின்றனர். விழித்த டொம் குளிரையும் பொருட்படுத்தாது மகிழ்வுடன் வேலைக்குச் செல்கின்றான். கடமை செய்வார்க்குத் தீங்கில்லை என்னும் கருத்துடன் பாடல் முடிகின்றது.

இதனைக் கவிஞரின் அறிவுரையாகக் கொள்ளுதல் பொருந்தாது. கனவில் விடுதலை பெற்றோர் சவப்பெட்டியிற் கிடந்தோரே. உயிருள்ள சிறுவன் பெற்றது பொறுமை ஒன்றே. அப்பொறுமையால் ஊதியம் பெறுவோர் அவனை வேலைகொள்வோர். சிறுவனின் உள்ளம் பொய்யன்று. அவனுக்கு ஊட்டப்பெற்ற நம்பிக்கையே பொய். அன்றியும், தான் துப்புரவு செய்வது ‘உங்கள்’ புகைபோக்கிகளையே என அவன் வாசகரை முன்னிலைப்படுத்துகின்றான். அச்சொல் குற்றஞ்சாட்டுவதை அவன் அறியான், நாம் அறிவோம்.

1794இல் தோன்றிய ‘அனுபவப் பாடல்’ இதனை வெளிப்படையாகவே கூறுகின்றது. பெற்றோர் ஆலயஞ் சென்றிருக்க, பனியில் நிற்கும் சிறுவன் பேசுகின்றான். தான் ஆடிப்பாடுதலைக் கண்டு, தனக்குத் தீங்கிழைத்திலோம் என அவர்கள் எண்ணுவதாக உரைக்கின்றான். பெற்றோரோடு குருவையும் அரசனையும் சேர்த்துக் கண்டிக்கின்றான். இதனையே சிறந்ததென்பாரும் உளர். எனினும், முதற்பாடலே ஆழமுடையது என்பது எம் கருத்து. இரண்டாவதிற் சிறுவனே வழக்குரைக்கின்றான். முதலாவதில் அக்கடமை வாசகரைச் சார்கின்றது.

அக்கடமையைச் சிலர் உணர்ந்தனர். இவ்வழக்கத்தை ஒழிக்கவேண்டி ஜேம்ஸ் மொன்ற்கொமரி 1824இல் வெளியிட்ட தொகுப்புக்கு, சாள்ஸ் லாம் அனுப்பியது அம்முதற்பாடலையே. எனினும், துப்புரவாளர் உரிமம் பெறல் வேண்டும் என்ற 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இக்கொடுமை ஒழிந்தது. பாடல் வெளிவந்து அதுவரை கழிந்த ஆண்டுகள் 86. இப்பாடலைப் பயிலும் மாணாக்கர், டொம்மின் மகிழ்ச்சியைக் கண்டு மனம் அமைதியுறாது, அம்மகிழ்ச்சி யாருக்குப் பயன்பட்டது என வினவுவாராக.