பலகை பிரியாமல் ஒட்டுவது எப்படி?

போன மாதம் நம் குழு ஒன்று விற்ற காய் நறுக்கும் பலகைகளில் 3 பலகை ஒட்டு விட்டுத் திரும்பி வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. "பசை சரியில்லக்கா" என்றார்கள். போய்ப் பார்த்தால் துண்டுகளின் விளிம்பு நேராக இழைக்கப்படவில்லை. இருந்த இடைவெளியை கிளாம்ப் போட்டு இறுக்கி மூடியிருக்கிறார்கள்! அப்படி வளைத்துச் சேர்த்த மரம் பழைய நிலைக்கே இழுக்கும். தினமும் தண்ணீர் படும்போது அந்த இடத்தில்தான் ஒட்டு விடும்.

அதனால் பசையை எடுக்கும் முன், இரண்டு துண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி இழைப்புளி போடுங்கள். கையால் அழுத்தினாலே சேரணும்.

தண்ணீர் தாங்கும் பசையாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். மெல்லிசாகத் தடவி, கிளாம்பை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றிப் போட்டால் பலகை வளையாது. ஒட்டு நெடுக பசை சின்னச் சின்ன மணியாகப் பிதுங்கினால் போதும். பலம் இருக்கிறதென்று முறுக்கினால் பசை முழுதும் வெளியே வந்துவிடும். 24 மணி நேரம் விட்டுப் பிறகு இழையுங்கள்.

திரும்பி வந்த மூன்றையும் ஒட்டிய இடத்தில் அறுத்து, இழைத்து, மறுபடி ஒட்டிவிட்டார்கள். அகலம்தான் குறைந்துவிட்டது, சின்னப் பலகை விலைக்குத்தான் போகும்.