தொடைக்கு ஒரு எம்.ஆர்.ஐ.

தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. டவுன் பஸ் படி ஏறத் தொடை ஒத்துழைக்கவில்லை. தலை சீவக் கை மேலே போகவில்லை. வாரக்கணக்கில் பலம் இப்படிக் குறைந்துகொண்டே போனால், வயதாகிவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே தசையைத் தாக்கும் மயோசைட்டிஸ் என்ற தசை அழற்சியாக இருக்கலாம். கண் இமையில் ஊதா நிறமும் விரல் முட்டிகளில் தடிப்பும் சேர்ந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

செய்ய வேண்டியவை

• ரத்தத்தில் சி.பி.கே. என்ற தசை நொதியின் அளவை முதலில் பாருங்கள். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே பொது மருத்துவப் பிரிவில் தொடங்கலாம். தேவைப்பட்டால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் ருமட்டாலஜி (வாதவியல்) பிரிவுக்குச் சீட்டு கேளுங்கள்.

• எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சீட்டில் எந்த இடம் எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது. கால் பலமில்லை என்றதும் முதுகுத்தண்டுக்கு எழுதிவிடுவது வழக்கம். நடுவயது கடந்த பலரின் முதுகில் ஏதாவது ஒரு டிஸ்க் பிதுங்கியிருக்கும். பழி அதன்மேல் விழும், வைத்தியம் திசைமாறும். தசை அழற்சிக்குப் பார்க்க வேண்டியது இரண்டு தொடைகளையும் இடுப்புத் தசைகளையும். அதிலும் இரண்டு வகைப் படம் வேண்டும். எஸ்.டி.ஐ.ஆர். படத்தில் கொழுப்பின் வெளிச்சம் அடக்கப்படுவதால், நீர் கோத்த தசை பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். பெரும்பாலும் அழற்சி இப்போது நடக்கிறது என்று பொருள். டி1 படம், தசை அழிந்து கொழுப்பாக மாறிய இடத்தைக் காட்டும். முன்னது மருந்துக்குக் கட்டுப்படலாம், பின்னது பெரும்பாலும் திரும்பாது.

• தசைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதாக இருந்தால், முடிந்தவரை எம்.ஆர்.ஐ. முதலில் வரட்டும். அழற்சி திட்டுத்திட்டாக இருக்கும். படம் பார்க்காமல் எடுத்தால் நல்ல தசை சிக்கிவிடலாம்.

• முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், ஸ்கேனுக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

• பழைய ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சைக்கு நடுவே மறுபடி பலம் குறைந்தால், நோய் திரும்பியதா, ஸ்டீராய்டு மாத்திரையே தசையை மெலிய வைத்ததா என்ற கேள்வி வரும். ஸ்டீராய்டால் மெலிந்த தசையில் பொதுவாக அந்த வெள்ளை வெளிச்சம் இருக்காது.

செய்யக்கூடாதவை

• ஸ்கேனுக்கு முந்தைய நாட்களில் தொடையிலோ இடுப்பிலோ வலி ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். ஊசி குத்திய இடமும் வெள்ளையாகத் தெரியும். தசையில் ஊசி குத்திப் பார்க்கும் ஈ.எம்.ஜி. சோதனையை ஒரு பக்கம் செய்திருந்தால், எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுங்கள்.

• நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டோ மண் வெட்டிவிட்டோ மறுநாள் காலை போய்ப் படுக்காதீர்கள். கடும் உழைப்பும் தசையில் நீர் கோக்க வைக்கும்.

• மெடிக்கலில் ஸ்டீராய்டு வாங்கி நீங்களாக விழுங்காதீர்கள். படம் மங்கும், நோய் ஒளிந்துகொள்ளும்.

• உலோகத்தோடு ஸ்கேன் அறைக்குள் போகாதீர்கள். மெட்டி, அரைஞாண், தாயத்து, சேலையில் குத்திய ஊக்கு எல்லாம் வெளியே. தாலியைக் கழற்றத் தயங்குபவர்கள் அன்றைக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, தலையில் கிளிப் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். துணைக்கு வருபவருக்கும் இது பொருந்தும்: 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே நுழைந்த நோயாளியின் உறவினர் ஒருவர் உயிரிழந்தார். இயந்திரத்தின் காந்தம் எப்போதும் உயிரோடுதான் இருக்கும்.

• வெள்ளையாகத் தெரிந்தாலே மயோசைட்டிஸ் என்று முடிவுகட்டாதீர்கள். அடி, கிருமித் தொற்று, சில பரம்பரைத் தசை நோய்களிலும் அப்படித் தெரியும். 2017இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதவியல் அமைப்புகள் வெளியிட்ட மயோசைட்டிஸ் வகைப்பாட்டு விதிகளில் எம்.ஆர்.ஐ.க்கு மதிப்பெண்ணே இல்லை.

• விழுங்கும்போது புரையேறினாலோ, மூச்சு வாங்கினாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்து நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.